ஏழாவது டேக்கின் வால்

கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கத் தெரியாதவன் எடிட்டராக முடியாது. என் இணையதளத்துக்குப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். காட்சி எண், டேக் எண், தேதி, அவ்வளவு போதும். 'புதுசு', 'கடைசி', 'கடைசியோ கடைசி' என்று வாய்க்கு வந்த பெயரை வைத்துவிட்டு அப்புறம் தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது. என் கணினியை எடுத்துப்போனீர்களே சார், நீங்கள் தேடியது எடுத்த எடுப்பிலேயே கிடைத்திருக்கும். யாரையும் தேடவைப்பது என் வழக்கமில்லை.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்கும் வசதி.

பதினாறு வருடம் தொலைக்காட்சித் தொடர்களை எடிட் செய்தவன் நான். இந்த வேலையைப் படிக்க வருகிறவர்களுக்கு இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது. மென்பொருள் கிடைக்கிறது, பாடம் சொல்லும் வீடியோ கொட்டிக் கிடக்கிறது, இசை, சத்தங்கள், எழுத்துருக்கள் எல்லாமே இருக்கின்றன. வெட்டிப் பழக ரஷ் மட்டும் கிடைக்காது. ரஷ் என்றால் பிடித்தது பிடித்தபடி, யாரும் கைவைக்காத படத்துண்டு. சமைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுக் காய் கொடுக்காவிட்டால் எப்படி? அதனால் நானே சின்னச் சின்னக் காட்சிகளாக எடுத்து இலவசமாக ஏற்றினேன். நாற்பதாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

தளத்துக்கு ஒரே ஒரு விதி. தலையையும் வாலையும் வெட்ட மாட்டேன். நடிப்பு தொடங்கும் முன் கேமரா சும்மா ஓடுகிறதே, அது தலை. நடிப்பு முடிந்த பிறகும் ஓடுவது வால். நாளைக்கு ஒரு பார்வையோ, ஒரு மூச்சோ தேவைப்பட்டால் எடிட்டர் அங்கேதான் போய்த் தேடுவான். அதை வெட்டிவிட்டுக் கொடுப்பது நம்பி வந்த பிள்ளையை ஏமாற்றுவது.

நடிக்க ஆள் வேண்டுமே. என் மனைவியின் தம்பி இருந்தான். செல்போன் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவான். கணவன், குமாஸ்தா, டாக்டர், திருடன் என்று எதைச் சொன்னாலும் செய்வான். பிணமாகப் படுக்கச் சொன்னால் மட்டும் சிரித்துவிடுவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல முகம். வாய்தான் ஓயாது.

பன்னிரண்டாவது காட்சி இதுதான்: ஒருவன் மேசையில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறான். பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வந்து இரும்புக் கம்பியால் அடிக்கிறது. அந்தக் கை நான். கம்பி ரப்பரால் செய்து சாயம் பூசியது. ஏற்றிய மூன்றாம் நாள் 'உண்மைவிளம்பி' என்ற பெயரில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதியிருந்தார். "அடியா இது? கொசு அடிக்கிற மாதிரி இருக்கு. எடிட்டர் சாருக்கு யாராவது நிஜ அடிய காட்டுங்கப்பா." நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். பிறகு பிள்ளைகள் என் தளத்தையே கொசுத் தளம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

கருத்து எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் தளத்தை நடத்துகிறவனுக்குத் தெரியும். அது மச்சானுடையது. எழுதிய அன்று சாயங்காலம் என் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். "என்ன மாமா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று வேறு கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை. விமர்சனம் வரவேற்கப்படுகிறது என்று தளத்தின் முகப்பில் நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கருத்தை அழிக்கக்கூட இல்லை, இப்போதும் இருக்கும் பாருங்கள். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் கருத்தில் நியாயம் இருந்தது. அடி நிஜமாக இல்லாவிட்டால் அதைச் சுற்றி எப்படி வெட்டுவது என்று பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்? மறுபடி எடுக்கலாம் என்று அவனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நிஜ இரும்புக் கம்பியும் இருந்தது. அதை மேசையில் வைக்கும்போது வரும் சத்தத்துக்காக வாங்கியது. சத்தத்துக்கு நிஜம், அடிக்கு ரப்பர். எங்கள் தொழிலில் இப்படி இரண்டாக வைத்துக்கொள்வது சாதாரணம்.

ஆறு டேக் ரப்பரில் எடுத்தோம். ஆறிலும் அடி விழுந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஏழாவதுக்குக் கேமராவை அவன் முகத்துக்குக் கிட்டே நகர்த்தினேன். ஓடவிட்டேன். ரப்பர் சாயம் கழுத்தில் ஒட்டியிருக்கிறது என்று அவன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நான் ரப்பரை வைத்துவிட்டு இரும்பை எடுத்தேன். "ரெடியா மாமா?" என்றான். ரெடி என்றேன்.

அடி வலது காதுக்கு மேலே விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம், அதற்குள் வேறொரு சின்னச் சத்தம். அவன் கத்தவில்லை. ஒரு கண் மட்டும் என்னைத் தேடித் திரும்பியது. கடிதத்தைப் பிடித்துக்கொண்டான். மூக்கிலிருந்து ரத்தம் அதன்மேல் கொட்டி எழுத்தெல்லாம் கரைந்தது. பற்கள் மேசை விளிம்பில் மோதின. பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்குப் போய்விட்டான். பதினாறு வருடத்தில் அவ்வளவு சுத்தமான ஒரு ரியாக்‌ஷனை நான் பார்த்ததில்லை.

கம்பி மாறிவிட்டது, கை தவறிவிட்டது, அந்த நேரம் கேமரா ஓடவில்லை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். ஆறு டேக்கையும் கொடுத்தேன். நம்பினார்கள். மனைவியும் நம்பினாள். தம்பியைப் பறிகொடுத்தவள், என் வலது கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். "இந்தக் கைய பாத்துப் பாத்து அழாதீங்க. தெரியாம எடுத்தது. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள். அவள் நல்லவள். எனக்கு அப்போது கஷ்டமாகத்தான் இருந்தது. தளத்தில் அவன் படத்தைப் போட்டு, தேதியோடு இரங்கல் குறிப்பும் எழுதினேன்.

இரண்டு மாதம் ஏழாவது டேக் என்னிடமே இருந்தது. நல்ல ரஷ்ஷைப் பூட்டி வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மட்டமானதைக் கொடுக்க மனம் வரவில்லை. ஏழு டேக்கையும் சேர்த்தே ஏற்றினேன். வந்த கருத்துகளை நீங்களும் படித்திருப்பீர்கள். "போறதுக்கு முன்னாடி அண்ணன் என்னமா நடிச்சிட்டுப் போயிருக்கார்," என்று ஒருவர். "இத பாத்து ரெண்டு நாள் தூக்கம் வரல சார்," என்று இன்னொருவர். எல்லாம் ஐந்து நட்சத்திரம். கொசு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அப்புறம் 'தூங்குமூஞ்சி' எழுதினாள். பெயர்தான் அப்படி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள். "சார், ஆறு டேக்ல கம்பி வளையுது, ஏழாவதுல வளையல. அந்த டேக்கோட தலையில ஒரு கை வந்து கம்பிய மாத்துது. நீங்க பாடம் எடுக்கும்போது கட்டியிருக்கிற அதே வாட்ச். இது கதையில வருதா, வெட்டிடட்டுமா?" நல்ல கண், வெட்டிவிடு என்று பதில் போட்டேன். அவள் வெட்டவில்லை. கோப்பின் பெயரில் இருந்த தேதியையும் இரங்கல் குறிப்பில் இருந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள்.

தலையில் ஒரு பத்து விநாடியை வெட்டியிருந்தால் தப்பித்திருப்பாயே, முட்டாளா நீ என்று கேட்டீர்கள். முட்டாள் இல்லை சார். எனக்கும் அது தெரியும். வெட்டக் கை வரவில்லை. விதி என்றால் எல்லாருக்கும்தான்.

ஆக, தெரிந்துதான் அடித்தேன். கொன்றது நான்தான். ஆனால் ஒன்று: அந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அற்பமானவன் இல்லை நான். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்காகச் செய்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் முன்னால் தலையை நான்கு முறை போட்டுப் பார்த்தீர்கள். வாலை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். அதில் படம் என்று ஒன்றுமில்லை, காலி நாற்காலியும் மேசை விளிம்பும்தான். அதனால்தான் பிள்ளைகளும் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். சத்தம் இருக்கிறது. அதை என் மனைவிக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். அவன் தரையிலிருந்து "மாமா, கட் சொல்லுங்க," என்று மூன்று முறை சொல்வான். மெல்லிய குரல், ஹெட்போன் போட்டால்தான் கேட்கும். என் குரல் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் தெளிவாகவே கேட்கும். "இப்ப சொல்லுடா, கொசு அடிச்ச மாதிரியா இருக்கு?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லட்டும் என்று நான்கு நிமிடம் இருபது விநாடி காத்திருந்தேன்.