ஆமைக்கடை வேலி

"நாலரைக்கு அந்த மூலைக்காணி காலி மச்சான், நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

இப்பிடித்தான் தங்கச்சி ஒருத்தன் சொன்னவன், உங்கட லிஃப்டுக்குள்ள, எனக்கு முன்னால நிண்டு, ஃபோனில. கழுத்தில பாங்க் அட்டை, டை, காலில சப்பாத்து மினுங்குது. நான் அவன்ர முகத்த ஒருக்கா வடிவாப் பாத்து வைச்சன். ஏனெண்டா அது என்ர காணி. என்ர எண்டா... இன்னும் என்ர இல்ல. நாலரைக்குப் பிறகு என்ர. வலது கையத் தாங்கோ. இடது காயட்டும், அதக் கதிரைக் கையில வைச்சிட்டு மறந்திடுங்கோ. மணமகள் கைக்கு உஷாந்தி அக்கா மெஹந்தி போட்டா மூண்டு கிழமைக்கு நிறம் போகாது, அதுக்கு நான் பொறுப்பு. மூண்டு மணிக்கெண்டு சொல்லிப்போட்டு ரெண்டு மணிக்கே வந்து நிக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. எனக்கு நாலரைக்கு முதல் முடிக்கோணும்.

வெள்ளவத்தையில காணியோ எண்டு பாக்கிறீங்கள். வெள்ளவத்தையில எனக்கு ஆர் காணி தரப்போறான்? நான் இருக்கிறது மூண்டாம் மாடியில ரெண்டு அறை, யன்னலத் திறந்தா அடுத்த பிளாட்டின்ர குசினி, அவை என்ன கறி எண்டு எனக்குத் தெரியும், நான் என்ன கறி எண்டு அவைக்குத் தெரியும். இது ஃபோனுக்குள்ள இருக்கிற காணி. கேம். சிரிக்காதேங்கோ. சிரிக்கேல்லயோ? சரி, மற்றவை சிரிக்கிறவை.

அது ஒரு ஊர். எல்லாமே சதுரக் கட்டை. மரமும் கட்டை, மாடும் கட்டை, நாங்களும் கட்டை. கொட்டாஞ்சேனையில கிளின்ரன் எண்டு ஒருத்தர் நடத்திறார், எங்கட ஆக்கள் ஒரு முந்நூறு பேர் வாறவை. மீன் பிடிக்கலாம், பூசணி நடலாம், பிறகு சந்தையில காணி எடுத்துக் கடை போட்டு மற்றவைக்கு விக்கலாம். அந்த ஊர்க் காசுக்குத்தான். அந்தக் காசுக்கு வெளியில ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடிக்கேலாது. என்ர மனுசன் அதத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லுறார். இருபது வருசமாக் கிரிக்கெட் பாக்கிறார், அவருக்கு ஆர் பிளேன்ரீ குடுத்தது?

முந்தி நான் தைச்சனான் தங்கச்சி. கலியாணம் முடிஞ்ச கிழமை மாமி என்ர மிசின வித்துப்போட்டா, வீட்டில இடம் காணாதாம். மெஹந்திக்கு இடம் தேவையில்ல, ஒரு கோன் காணும். கடைக்கும் இடம் தேவையில்ல, ஒரு ஃபோன் காணும். அப்பிடித்தான் உஷா ஸ்டோர்ஸ் வந்தது. விளக்குக் கடை. சந்தையில நீரூற்றடிக்குப் பக்கத்தில, மூலையில இருந்து ரெண்டாவது காணி.

முதல் மூண்டு மாசம் ஒரு விளக்கும் போகேல்ல. ஏன் தெரியுமே? நான் பழக்கத்தில விலையக் கூட்டிப் போட்டிட்டன். புறக்கோட்டைக் கடையில நான் எண்ணூறு எண்டு சொன்னாத்தானே நீங்கள் நானூறு எண்டு கேப்பீங்கள். நான் கட்டாது எண்டுவன், நீங்கள் போறமாதிரிப் போவீங்கள், நான் கூப்பிடுவன், அறுநூறில முடியும், ரெண்டு பேருக்கும் சந்தோசம். கேமுக்குள்ள கடையெண்டா ஒரு பெட்டி, பெட்டிக்கு மேல பலகை, பலகையில விலை. வாறாங்கள், பலகையப் பாக்கிறாங்கள், போறாங்கள். வாயத் திறந்து குறைச்சுக் கேக்கவேணுமே. நான் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு, 'தம்பி எவ்வளவுக்குக் கேக்கிறீங்கள்' எண்டு எழுதினா ஓடுறாங்கள். ஒருத்தன் நான் ஆக்களை மறிக்கிறன் எண்டு கிளின்ரனுக்கு முறைப்பாடு.

பிறகு ஒரே ஒரு நல்ல கஸ்டமர் வந்தது. ஆரெண்டு தெரியாது, பெட்டி பேர் காட்டாது. ஒவ்வொரு கிழமையும் ரெண்டு விளக்கு, போட்ட விலைக்கு, பேசாமல். அந்த ஆளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது எண்டு பிள்ளையாரிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன். அந்த ஒண்டாலதான் கடை நிண்டது. ஏனெண்டா அந்த நேரம் பாத்து மூலைக்காணிக்கு ஆமை வந்திட்டுது. ஆமை77. அதுதான் அவன்ர பேர்.

கைய இழுக்காதேங்கோ. பாருங்கோ, கொடி கோணிட்டுது. பரவாயில்ல, இதில ஒரு இலைய விடுறன்.

ஆமையெண்டா ஒரு வணக்கம் இல்ல, ஒரு கதை இல்ல. எல்லாரும் எழுதிக் கதைக்கிற இடத்தில ரெண்டு வருசமா ஒரு சொல் எழுதேல்ல. வந்தது, தோண்டினது, கடையப் போட்டது. ஆமைக்கடை. மீன், பூசணி, விளக்கு, எல்லாம். எல்லாத்துக்கும் சரியான விலை. அதுதான் எனக்குத் தாங்கேலாது. குறைச்சுக் கேக்கத் தேவையில்லாத விலை. பக்கத்தில ஒருத்தி கடை போட்டிருக்கிறாள் எண்டு தெரிஞ்சுகொண்டு இப்பிடி நேர்மையா விலை போடுறது, தங்கச்சி, முகத்தில அடிக்கிறதுக்குச் சமன். நான் எழுதினன், 'டேய் ஆமை, உனக்கு வியாபாரம் தெரியுமோடா' எண்டு. 

வேலிக்கதை என்ர பிழையில்ல. அது எங்கட ரத்தத்தில கிடக்கிற வருத்தம். எங்கட அப்பா கோண்டாவிலில பக்கத்து வீட்டோட ஒரு முழத்துக்குப் பத்தொன்பது வருசம் வழக்காடினவர். வழக்கு முடியமுதல் பக்கத்து வீடும் கனடா போட்டுது, நீதிபதியும் பென்சன் எடுத்திட்டார். நான் தள்ளினது ஒரு கட்டை. ஒரு சனிக்கிழமை, ஆமை இல்லாத நேரம், வேலிய ஒரு கட்டை அங்கால வைச்சன். ஞாயிறு பாத்தா வேலி பழைய இடத்தில.  அடுத்த சனி தள்ளினன். ஞாயிறு திரும்பப் பழைய இடத்தில. சண்டை பிடிக்கிற ஆளோட சண்டை பிடிக்கலாம். பேசாமல் திருப்பி நடுற ஆளோட என்ன செய்யிறது? அப்பிடி நாலு மாசம். பிறகு பாருங்கோ, வேலி வழிய வரிசைக்கு விளக்கு வைச்சிட்டுது. வடிவான பித்தளை விளக்கு. எந்த நேரமும் பகல் மாதிரி வெளிச்சம், முழுச் சந்தையும் பாக்குது. நான் வேலியில எப்பிடிக் கை வைக்கிறது?

தும்மல் வருதோ? முகம் சிவந்து கிடக்கு. தண்ணி பருக்கிவிடட்டே? வேண்டாமோ. சரி.

நான் விடுவனோ. மீன் கட்லட் இருபத்தஞ்சு பொரிச்சு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கே போனனான். கிளின்ரன் கதவத் திறந்து, 'அன்ரி, இது கேம்' எண்டான். அன்ரி. நான் அவனுக்கு அக்கா முறை. 'தம்பி, எனக்குக் காணி உறுதி காட்டுங்கோ, நில அளவைப் படம் காட்டுங்கோ' எண்டன். ஆறாவது கட்லட்டில சொன்னான், வேலிக்கு ஒண்டும் செய்யேலாது அன்ரி, வேற ஏதும் எண்டாக் கேளுங்கோ எண்டு. கேட்டன். ஆள் வராத காணிய முப்பது நாள் சும்மா வைச்சிருக்கிறீங்கள், அத ஏழு நாளாக்குங்கோ எண்டன். ஆக்கிட்டான். ஏழு நாள் ஆள் உள்ள வராட்டி காணி பொதுவாப் போகும், முதல் பட்டன அமத்திறவைக்கு, உள்ளுக்கிருக்கிற சாமானோட. எல்லாருக்கும் சட்டம் எண்டுதான் போட்டவன். நான் ஆமைக்கெண்டு கேட்ட சட்டம்.

எட்டு மாசம் காத்திருந்தன் தங்கச்சி. காய்ச்சல் எண்டில்ல, கரண்ட் இல்ல எண்டில்ல, ஆமை ஒரு நாள் தவறேல்ல. இப்ப, போன வெள்ளி நாலரைக்குப் போனது, இன்னும் வரேல்ல. சோதினையோ, வேலை போட்டுதோ, கால்கை முறிஞ்சுதோ, எனக்கென்ன. நாலு இருபத்தெட்டுக்கு ஃபோனில மணி வைச்சிருக்கிறன். அப்ப உங்கட கைய ரெண்டு நிமிசம் விட்டிட்டு அமத்துவன், கோவிக்கக்கூடாது. அந்தப் பாங்க் மனுசன் எங்க நிண்டு அமத்துறான் எண்டு பாப்பம். நீங்களும் நான் வந்ததில இருந்து மணிக்கூட்டத்தான் பாக்கிறீங்கள். மாப்பிள்ளை இண்டைக்கே வாறாரோ?

உங்கட ஃபோன் மின்னுது. அம்மாவும் சித்தியும் மண்டபத்துக்குப் போட்டினம், நான் வாசிக்கட்டே? முதலும் நான்தானே வாசிச்சனான். இது சித்தி. 'பூமாலை ஏழு மணிக்குத்தான் வருமாம்.' அடுத்தது மாப்பிள்ளை ராகுலன். 'அருந்ததி, என்ன செய்யிறீர்?' என்ன செய்யிறது, ரெண்டு கையையும் நான் பிடிச்சு வைச்சிருக்கிறன். மற்றது...

'ஆமை77, உங்கள் மூலைக்காணி இன்னும் பதினொரு நிமிடத்தில் பொதுக்காணியாகும். தக்கவைக்க உள்ளே வந்து புதுப்பிக்கவும்.'

இது என்ர ஃபோனோ? இல்ல. என்ரதுக்கு மூலை உடைஞ்சிருக்கும்.

நீங்களோ?

ரெண்டு வருசமா உங்களை டேய் எண்டு எழுதினனான். ஏன் பிள்ள முதலே சொல்லேல்ல... நான் எங்க சொல்ல விட்டன். அதுவும் சரிதான்.

அப்ப ஒவ்வொரு ஞாயிறும் வேலி நட்டது நீங்கள். அந்த விளக்கு? என்ர பித்தளை விளக்கு மாதிரித்தான் இருக்கு எண்டு நான் அப்பவே யோசிச்சனான். கிழமைக்கு ரெண்டு... என்னட்ட வாங்கி, என்ர வேலிக்கே. போட்ட விலைக்கு. அதுக்கு நான் பிள்ளையாரிட்ட வேற சொல்லி வைச்சிருக்கிறன்.

ஏன் ஏழு நாளாக் கேமுக்குள்ள போகேல்ல? வீடு முழுக்கச் சனமோ. ஓம், பத்துப் பேர் சுத்தி இருக்கேக்க மணமகள் பூசணி நடேலாதுதான். இண்டைக்கு ரெண்டு மணிக்கு எல்லாரும் வெளிக்கிட்ட உடன போவம் எண்டு இருந்தீங்களோ. ரெண்டு மணிக்கு நான் வந்து பெல்ல அடிச்சிட்டன்.

ஃபோன் திறக்கிற நம்பர் என்ன, நான் திறக்கிறன். தெரியாதோ? புது ஃபோன், அவர் கொண்டுவந்தது, அவர்தான் நம்பர் போட்டவர், உங்களுக்கு இந்தப் பெருவிரல் ரேகை மட்டும், அதிலயும் இப்ப மெஹந்தி. நல்ல மாப்பிள்ளை. என்ர ஃபோனில அவருக்கு எடுத்துக் கேப்பமே? தலைய ஆட்டுறீங்கள். கேம் விளையாடுறத விட்டாச்சு எண்டு சொல்லி வைச்சிருக்கிறீங்களோ அவரிட்ட. ம்.

சரி, இதுக்கு நான் என்ன செய்யிறது. சட்டம் எல்லாருக்கும்தானே. நாலு இருபத்தொண்டு. மிச்ச விரலையும் போட்டு முடிப்பம். நாளையிண்டைக்குக் கலியாணம், அடுத்த மாசம் கனடா, உங்களுக்கு இனி மீனும் பூசணியும் எதுக்கு? மூலைக்காணி எனக்கு வந்தா ரெண்டையும் சேத்து ஒரு நல்ல கடையாப் போடலாம். நீரூற்றுப் பக்கம் வாசல். பலகையெல்லாம் மாத்தோணும். கனடாவில வீடு பெரிசோ? மாமியோடயோ இருக்கப்போறீங்கள்? ஓமோ. இடம் காணுமோ?

அழாதேங்கோ, கண்மை கரையும். அழேல்லயோ. சரி.

ஒரு கட்டை எண்டு சொன்னனே, அது பொய். நீரூற்றுப் பக்கத்தால நாலு தள்ளினனான். அங்க உங்கட விளக்கு இல்ல, அத நீங்கள் இன்னும் பாக்கேல்ல.

அந்தப் பெருவிரலத் தாங்கோ. இண்டைக்குப் போட்டதில இந்த மயில்தான் வடிவா வந்தது, தலை சரியா நுனியில நிக்குது. இதுக்கு மட்டும் கால் மணித்தியாலம் மினக்கெட்டனான். அசைக்காதேங்கோ. ஈரப்பஞ்சு எங்க... இந்தா. போகுது. கொஞ்சம் செம்மஞ்சளா நிக்கும், ஆரும் கேட்டா தேசிக்காய்த் தண்ணி கூடிட்டுது எண்டு சொல்லுங்கோ, என்னில பழியப் போடுங்கோ. துணியாலயும் துடைக்கவேணும், ஈரத்தில ஃபோன் விரல எடுக்காது. அது என்ர மணி, அடிக்கட்டும். வேலிக்கதை வேற, அது சனிக்கிழமை பாப்பம், இதோட கலக்கக்கூடாது. இப்ப வையுங்கோ. எடுக்கேல்ல. ஊதுங்கோ. நல்லா ஊதுங்கோ. திரும்ப வையுங்கோ... ம், திறந்திட்டுது. எங்க, கீழயோ? கண்ணாடி இல்லாமல் எனக்கு... 'புதுப்பி.'

அமத்திட்டன்.