மானியத்துக்கு ஒரு போட்டோ

மஹீரா: அங்கேயே நின்னா எப்படி சார்? ஷூவைக் கழட்டிட்டு உள்ள இறங்குங்க.

சூசைநாதன்: வரப்புலயே நின்னா ஆகாதா?

மஹீரா: நிலத்துக்காரர் பயிருக்குள்ள நிக்கணும். இந்த வருஷம் அப்படித்தான். போன வருஷம் வரைக்கும் விவசாய ஆபீஸ்ல உக்காந்து பேப்பரைப் பார்த்தே பயிர் மானியம் போட்டோம்.

தனக்கொடி: இறங்குங்கய்யா. என் கையைப் புடிச்சுக்குங்க.

சூசைநாதன்: மூலக்குளத்து வீட்டுல சும்மா கிடந்தவனை சேதராப்பட்டுக்கு இழுத்தாந்து சேத்துல தள்ளுறீங்க... பாம்பு கீம்பு இருக்குமா?

தனக்கொடி: நீங்க கத்துற கத்துக்கு இந்நேரம் ஊரைவிட்டே ஓடியிருக்கும்.

மஹீரா: சிரிங்க சார்... வேணாம், சிரிக்காதீங்க. அப்படியே... ஒரு நிமிஷம்.

தனக்கொடி: இன்னா மேடம், எடுத்தாச்சா?

மஹீரா: போன் ஏத்துக்க மாட்டேங்குது. நிக்கிற இடத்தை வெச்சுப் பார்த்தா இது சாரோட நிலம் இல்லையாம்.

சூசைநாதன்: எங்கப்பா வாங்குன நிலம்மா. போனுக்கு இன்னா தெரியும்?

மஹீரா: உங்களுக்குத் தெரியுமா சார், எது உங்களுதுன்னு?

சூசைநாதன்: தனக்கொடி காட்டுச்சு... இறங்குனேன்.

மஹீரா: நல்லாருக்கு. கடைசியா எப்ப வந்தீங்க?

சூசைநாதன்: அப்பா இருக்கச்சொல்ல. பயிர் வைக்கிறதெல்லாம் தனக்கொடிதான். எழுத்து கிழுத்து இல்ல, வாய்ப்பேச்சுதான். அறுத்ததும் ரெண்டு மூட்டை வீட்டுக்கு வந்துடும்.

மஹீரா: மானியம்?

சூசைநாதன்: அது எனக்கு. நிலம் என் பேர்லதானே இருக்குது?

மஹீரா: பாடுபடுறது நீங்க, மானியம் அவருக்கு. கோவம் வரலையாக்கா?

தனக்கொடி: எதுக்கு மேடம்... ஐயா நல்ல மனுஷன். உங்க பொண்ணு மெரின் பாப்பா எப்படிய்யா இருக்குது?

சூசைநாதன்: பிரான்சுக்குப் போகுது. மேல படிக்க.

தனக்கொடி: நல்லாருக்கட்டும். மேடம், போனை லேசா அந்தாண்ட திருப்புங்களேன்... எடுத்துடும்.

மஹீரா: திருப்புனா நிலம் மாறிடுமா? சாரோட நிலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அதோ, அந்த முள்ளுக்காடு.

சூசைநாதன்: எது... அதுவா?

மஹீரா: அதுதான். தரிசுன்னு போடப் போறேன். சார் பேரு மானியத்துலேருந்து போயிடும்.

தனக்கொடி: ஐயோ, போட்டுடாதீங்க மேடம்! அடுத்த பட்டத்துக்கு நானே முள்ளை வெட்டி நட்டுடுறேன். இந்த ஒரு தடவை...

மஹீரா: இருங்க, இருங்க. நஷ்டம் அவருக்கு. பதறுறது நீங்க. ஏன்?

தனக்கொடி: அது... சும்மாதான் மேடம்.

சூசைநாதன்: தனக்கொடி, இங்க பாரு. அது முள்ளுக்காடுன்னா... வீட்டுக்கு வந்த நெல்லு?

தனக்கொடி: நீங்க நிக்கிறீங்களே, இதுல விளைஞ்சது. இது என்னுது.

சூசைநாதன்: உன்னுதா!

தனக்கொடி: ரெண்டுத்துக்கும் தண்ணி பத்தலைய்யா. ஒண்ணைத்தான் நட முடிஞ்சுது.

மஹீரா: அதை அவருகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே? உங்க நெல்லையும் குடுத்து, மானியத்தையும் அவருக்கே விட்டு... எனக்குப் புரியலக்கா. இதுல உங்களுக்கு இன்னா கிடைக்குது?

தனக்கொடி: தண்ணி.

மஹீரா: தண்ணியா?

தனக்கொடி: ஏரித் தண்ணி ஐயா நிலத்து வழியாத்தான் எனக்கு வரணும். சுத்தி எல்லாத்தையும் மனை போட்டுட்டானுங்க, பாத்தீங்க இல்ல? நெல்லும் வந்து மானியமும் வந்துக்கிட்டே இருந்தா ஐயா விக்க மாட்டாரு. வித்தா, வாங்குறவன் மொதல்ல வாய்க்காலைத்தான் மூடுவான்.

மஹீரா: சார்... கேட்டீங்களா?

சூசைநாதன்: இனிமே மூட்டை அனுப்பாத தனக்கொடி. பத்திரம் முடியறதுக்குள்ள இந்த ஒரு மானியமும் வந்துடட்டும்னுதான் சேத்துல இறங்குனேன். போன மாசமே அட்வான்ஸ் வாங்கிட்டேன்.