சப்பரப் பலகையில் செய்த இரண்டு மேசைகள்

பெயர் சார்லஸ், வயது 61, த/பெ அந்தோணிமுத்து, கதவு எண் 14, பள்ளத்தெரு, திண்டுக்கல். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மனைவி பிரிஸ்கில்லாவுடன் குடியிருந்து வருகிறேன். அவர் பத்தொன்பது வருடம் இரவுப் பணி பார்த்த நர்ஸ். வேலையை விட்ட இந்த இரண்டு வருடமாக அவருக்கு இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் தூக்கமில்லை. மாத்திரையும் தண்ணீரும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்று கட்டிலின் இரு பக்கமும் வைக்க இரண்டு சின்ன மேசைகள் செய்ய முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகைதான் என் பட்டறை. அதுவரை நான் செய்த ஸ்டூல் எதுவும் ஆடாமல் நின்றதில்லை என்பதையும் மறைக்கவில்லை.

கடந்த மாதம் எங்கள் பங்குக் கோயிலில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது மரக்குவியல் ஒன்றை எடுத்தேன். மறுநாள் ஆட்டோவில் ஏற்றுகையில், பக்கத்துச் சுவரில் சாய்த்திருந்த நான்கு தேக்குப் பலகைகளையும் அந்தக் குவியலைச் சேர்ந்தவை என்று எண்ணி ஏற்றிவிட்டேன். திருவிழாவில் புனிதரின் சுரூபம் வைத்துத் தூக்கி வரும் சப்பரத்தின் அடிப்பலகைகள் அவை என்பதும், வர்ணம் பூசக் கழற்றி வைத்தவை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு இரண்டு பலகைகளை இழைத்து முதல் மேசையைச் செய்து, பகல் இரண்டு மணியளவில் கட்டிலோரம் வைத்தேன். பிரிஸ்கில்லா அதன்மேல் கை வைத்துப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். சாயங்காலம் விழித்து, "சப்பரம் நம்ம தெருவுக்குள்ள மெதுவா வந்துச்சுங்க. நான் அதுமேல படுத்திருக்கேன். எறங்குன்னு யாரும் சொல்லல" என்றார். மெழுகுவர்த்தி மணத்தது என்றும் சொன்னார். நான் சிரித்தேன்.

மறுநாள் மூன்றாவது பலகையை இழைத்தபோது அதன் ஆணித் துளையிலிருந்து மிளகு உதிர்ந்தது. நேர்ச்சைக்காக மக்கள் சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் போடுவது எங்கள் வழக்கம். இவை சப்பரப் பலகைகள் என்று புரிந்துகொண்டேன். அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தேன். பிரிஸ்கில்லா தூங்கிக்கொண்டிருந்தார், மூடிய கண்ணுக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் பிறகு ரம்பத்தை எடுத்து மூன்றாவதையும் நான்காவதையும் அறுத்தேன். முதல் மேசை தெரியாமல் செய்தது, இரண்டாவது தெரிந்தே செய்தது.

நேற்று பிற்பகல், கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையைச் சேர்ந்த ராயப்பராஜ் பலகைகளைத் தேடி வீட்டுக்கு வந்தார். மேசைகளில் ஆணித் துளைகளைப் பார்த்து, "ஏப்பா சார்லஸு, சாமி நிக்கிற பலகைல மாத்திரை டப்பாவ வச்சிருக்கியே" என்றார். தூங்குகிறவரைப் பார்த்து அவரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "பதினோரு நாளா தூங்குறாண்ணே" என்றேன். அவர் வெளியே போய்ப் புகார் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

மேசைகளை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன். அவை எந்தப் பலகை என்று பிரிஸ்கில்லாவுக்கு இன்னும் தெரியாது, நானே சொல்ல வேண்டும். இப்போது அவர் தூங்குகிற நேரம். எடுக்க வரும் காவலர்கள் ஐந்து மணிக்குப் பிறகு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்று ஒரு நாள் அவர் தானாக விழிக்கட்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) அ. சார்லஸ்