படத்தில் வந்த முகம்

எனக்கு மெதுவாகப் படித்துத்தான் பழக்கம், சார். பிடித்த பக்கம் வந்தால் அன்றைக்கு அதோடு மூடிவைத்துவிடுவேன்.

அந்த நாவலையும் அப்படித்தான் படித்தேன். எங்கோ பனி பெய்யும் நாட்டில், காணாமல்போன கணவனைத் தேடி ரயில் ரயிலாக அலையும் ஒரு பெண்ணின் கதை. தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். அவள் முகம் எப்படியிருக்கும் என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. நானே கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக்கொண்டேன். மாங்கூழ் கம்பெனியில் நாளெல்லாம் குழாய் கழுவுகிறவனுக்கு அப்படி ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

ஜெகதீஷ் அண்ணனும் நானும் கிருஷ்ணகிரியில் ஒரே அறை, ஒரே ஷிப்ட். அந்தக் கதையின் படத்தை, தெலுங்கில் டப் செய்த சிடியாக, ஓசூரிலிருந்து வாங்கிவந்தார். பார்க்க மாட்டேன் என்று நான் வெளியே போய்விட்டேன். திரும்பியதும் சிடி அட்டையை மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இந்தா பாருடா, உன் ஆளு. செம கலரு.”

“வேணாண்ணா.”

“ஆறு மாசமா எழுத்துக் கூட்டிப் படிக்கற. நான் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டேன். அவ புருசன் கிடைக்கவே மாட்டான், போ. புக்கை எடைக்குப் போடு.”

முடிவைச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் அந்த நடிகைதான் உதட்டுச் சாயத்தோடு ரயிலில் உட்கார்ந்திருந்தாள். என் பெண்ணை எவ்வளவு தேடியும் காணவில்லை. அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் கேன்டீனில், “தம்பி பொண்டாட்டி காணாம போய்ட்டாளாம்பா, யாராச்சும் கம்ப்ளைன்ட் குடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கண் இருக்கிற எல்லோருக்கும் பார்க்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. நிதானமாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

வேலை முடிந்ததும் பட்டால் தோலையே அரித்துவிடும் காஸ்டிக் சோடா கலந்த கொதிநீரைக் குழாய்களில் ஓடவிட்டுக் கழுவுவோம். பிறகு நான் வால்வை மூட, அவர் குனிந்து குழாய் இணைப்பைக் கழற்ற வேண்டும். அவர் நிற்கும் இடத்திலிருந்து வால்வு தெரியாது. வாயால் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். ஆவியில் மங்கிவிடுகிறது என்று பாதுகாப்புக் கண்ணாடியை அவர் போடுவதில்லை.

“மூடிட்டியாடா?” என்றார்.

“மூடிட்டேண்ணா, கழட்டுங்க” என்றேன்.

இரண்டு கண்ணிலும் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னார். அண்ணனின் மனைவி மேகலா மத்தூரிலிருந்து ஓடிவந்தார். “நீங்க இல்லன்னா இவருக்கு யாருங்க இருக்காங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கம்பெனியில் வால்வு கசிந்துவிட்டதாக எழுதிக்கொண்டார்கள். கழற்றிப் பார்த்ததில் பழுதே இல்லை என்கிறீர்கள். உண்மைதான். அது நல்ல வால்வு. நான் மூடவில்லை.

தினமும் மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நாவலை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். முதலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இப்போது என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறார். படத்தைவிடப் புத்தகம்தான் நன்றாக இருக்கிறது என்று நேற்று அவரே சொன்னார். நான் வற்புறுத்தவில்லை, சார்.