புதிய டேப் தேவையில்லை

வேலை செய்கிற பொருளை ஓரம் கட்டிவிட்டுப் புதிது வாங்குவது எனக்கு ஆகவே ஆகாது. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் செய்கிற ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பர்சேஸ் பிரிவில் இருந்தவன் நான். புது சாமான் வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் மூன்று கேள்வி கேட்பேன். பழையதில் என்ன குறை? அதனால் வேலை நின்றதா? புதிது வந்தால் என்ன மாறும்? பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கஞ்சப் பிசினாறி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீங்கள் டேப்லெட் விஷயத்தைக் கேட்கிறீர்கள் மேடம். அதையே முறையாகச் சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

போன ஆடி மாதம் என் மனைவி மரகதத்துக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் எல்லாம் விழுந்துவிட்டது. நாக்கும் புரளவில்லை. புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது, வலது கையில் ஆள்காட்டி விரலும் பிழைத்தது. பேச்சுப் பயிற்சிக்காக யசோதா என்ற பெண் வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். எங்கள் வீட்டில் சும்மா கிடந்த பழைய டேப்பில் அவள்தான் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். திரையில் தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டால் அது வாய்விட்டுச் சொல்லும். பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் சொல்வாளே ஒருத்தி, அந்த மாதிரிக் குரல். மரகதம் முதலில் அடித்த வார்த்தை 'தண்ணி'. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை மேடம், யசோதாவைக் கேட்டுப் பாருங்கள்.

டேப்பில் குறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏழு வருஷப் பழசு. ஒரு எழுத்தைத் தொட்டால் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ளும். சார்ஜ் நாற்பது சதவீதத்துக்கு இறங்கினால் பொசுக்கென்று அணைந்துவிடும். அடித்து வைத்தது ஒன்றும் மிஞ்சாது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அங்கிள், சும்னே இதையே வெச்சினு இருக்கீங்க," என்று யசோதா ஒரு நாள் சலித்துக்கொண்டாள். "ஆன்ட்டி ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள இது செத்துப் போவுது. பாக்கவே பாவமா இருக்கு. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க."

வேலை நின்றதா என்று பார்த்தேன். தண்ணி கேட்டால் கொடுக்கிறேன். வலிக்கிறது என்றால் திருப்பிப் படுக்க வைக்கிறேன். இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

ஆனாலும் விசாரிக்காமல் வேண்டாம் என்று சொல்வது என் பழக்கமில்லை. சம்பிகே ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். ஹரிஷ்குமார் என்ற விற்பனையாளர் நான்கு மாடல்களை எடுத்து வைத்தார். நல்ல மனுஷன், ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு எழுத்து போட்டாலே முழு வார்த்தையும் அதுவா வந்துரும் சார். இந்த மாடல்ல கண்ணால பாத்தாலே போதும், விரலே வேணாம். முக்கியமா, ஆஃப் ஆனாலும் அடிச்சது எங்கயும் போவாது. உங்க பொண்ணு ஊர்ல இருந்தே அவங்க போன்ல படிச்சுக்கலாம்."

விலைகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒப்பீட்டுத் தாள் போட்டேன். மாடல், எடை, திரை, பேட்டரி, நிறைகள், குறைகள். முடிவை வாயால் சொல்லக் கூடாது, காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைக்க வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தான். கடைசியில், 'புதிய டேப் தேவையில்லை. இருப்பதே போதும்' என்று எழுதி, கணேசமூர்த்தி என்று கையெழுத்தும் போட்டேன்.

எங்கள் மகள் இளவேனில் மைசூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் காலை ரயிலில் வருவாள். அவளைப் பார்த்ததும் மரகதத்தின் விரல் டேப்பைத் தேடும். அடிப்பது எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். 'அன்னிக்கு காலைல'. அதற்குமேல் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. அணைந்துவிடும். போனில் அடிக்க வைத்துப் பார்த்தாள் இளவேனில், எழுத்து சின்னது, அந்த விரலுக்கு முடியவில்லை. "அம்மா என்னவோ சொல்ல வராப்பா, எனக்குத்தான் புரியல," என்று அழுவாள். மரகதமும் அழுவாள். அவளுக்குத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. நான்தான் துடைத்துவிடுவேன்.

முதல் இரண்டு வாரம் டேப் தானாகத்தான் அணைந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் நான் பாதிக்குமேல் சார்ஜ் போடவில்லை. ஐம்பதில் எடுத்துக் கொடுத்தால் ஐந்தாறு நிமிஷம் ஓடும், அவ்வளவுதான். ஒயரைச் சொருகியபடியே தொட்டால் ஷாக் அடிக்கும் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்பா சொன்னால் அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. பதினொரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று.

போன ஞாயிறு, கேஸ் சிலிண்டர் ரசீது தேடும்போது அந்தத் தாள் அவள் கையில் சிக்கிவிட்டது. 'குறைகள்' என்ற இடத்தில் நான்கு மாடலுக்கும் நேராக நான் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தேன். 'அடித்தது அழியாது.' வேறு எவனாக இருந்தாலும் விலை அதிகம் என்று எழுதித் தப்பித்திருப்பான். எனக்குத் தாளில் பொய் எழுத வராது.

அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். "அப்பா, எட்டாவது கிராஸ் தெருவுல போயி நல்ல அவரைக்காயா வாங்கினு வாங்களேன்," என்றாள். நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அவள் போன் செய்து வரவழைத்த புது டேப் வந்திருக்கிறது. நான் பையோடு திரும்பியபோது மரகதம் அடித்து முடித்திருந்தாள். அந்த பஸ்காரி குரல் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு காலைல ஆறு மணிக்கு விழுந்தேன். ஆஸ்பத்திரின்னு கேட்டேன். போகலன்னு சொல்லு, கூட்டிட்டுப் போறேன்னாரு."

அவள் சொன்னது சரி, இன்ஸ்பெக்டர் மேடம். அவள் சொல்லாமல் விட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று அவள் பெட்டியைக் கட்டியிருந்தாள். சண்டையெல்லாம் இல்லை. "நான் இளா வீட்டுல போயி இருந்துக்கறேங்க, இனிமே என்னால ஆவாது," என்றாள். வாசல்வரை போனவள் பெட்டியோடு சரிந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அப்போது பேச்சு இருந்தது, குழறலாக. நான் கதவைச் சாத்தினேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழரைக்கு மேல் அந்த வார்த்தையும் தெளிவாக இல்லை. ஒன்பதுக்கு நின்றுவிட்டது. ஒன்பதரைக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வாக்கிங் போய்விட்டு வந்தபோது இப்படிக் கிடந்தாள் என்று டாக்டரிடம் சொன்னேன். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் அவர். எனக்கு அது முன்பே தெரியும். தொழிற்சாலை மருத்துவ அறையில் அப்படி ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது, தினம் பார்ப்பேன்.

அவள் இல்லாமல் எனக்கு ஒரு வேளை ஓடாது மேடம். அதைக் கொடுமை என்று நீங்கள் எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள். நானாக ஒரு அடிகூட அடித்ததில்லை. எட்டு மாதம் ஊட்டிவிட்டேன், குளிப்பாட்டினேன், தலை பின்னிவிட்டேன்.

நேற்று இளவேனில் அவளை மைசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வண்டியில் ஏற்றும்போது நான் வாசலில்தான் நின்றிருந்தேன். புது டேப் மரகதத்தின் கைக்குக் கீழேயே இருந்தது, முழு சார்ஜோடு. முப்பத்துநான்கு வருஷம் கூட இருந்தவனிடம், போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவள்.