பெரியவருக்குச் செரிக்கலை

ஹுவேஃபா: பதினாலாயிரத்து ஐந்நூறு ஃபிராங்க். குடும்பக் கூட்டத்துல முடிவாயிடுச்சு. ரெண்டு கோழி, ஒரு புட்டி சாராயம், வெள்ளைத்துணி, மிச்சம் பூசாரிக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ வைக்கணும்.

செனாமி: மலைப்பாம்புக் குட்டி வாந்தி எடுத்ததுக்கு நான் எதுக்கு அத்தை அபராதம் கட்டணும்?

ஹுவேஃபா: குட்டியா! நாக்கைக் கடி. பெரியவர்னு சொல்லு.

செனாமி: பொறந்து ரெண்டு மாசம்... என் சுண்டுவிரல் தடிமன்...

ஹுவேஃபா: தடிமனா முக்கியம்? நம்ம உய்தா ஊருல அவரு ரோட்டைக் கடந்தா லாரிக்காரனே வண்டியை நிறுத்திட்டு நிக்கிறான். உன் கல்யாணத்தன்னிக்கு அவரா வாசல் தேடி வந்தாரு. இப்ப நீ வைக்கிற எலியை மூணு வாரமா கக்குறாரு. அதுக்கு என்ன அர்த்தம்?

செனாமி: வயித்துக்கு ஒத்துக்கலைன்னு அர்த்தம்.

ஹுவேஃபா: வச்ச கை சரியில்லைன்னு அர்த்தம். நீ எதையோ மறைக்கிறே.

செனாமி: என்கிட்ட அவ்வளவு பணம் ஏது?

ஹுவேஃபா: இல்லைன்னா உன் அப்பன் வீட்டுல போய் இரு. உன் புருஷன் கோஜோ பணத்தைச் சேத்துவச்சுட்டு வந்து கூட்டிக்குவான். அவன் என் அண்ணன் மகன், அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்... சரி, சந்தையிலேருந்து வந்ததுல தொண்டை வறளுது. கிணத்துக்குப் போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா.

செனாமி: பானையிலேயே இருக்கு. இந்தாங்க.

ஹுவேஃபா: இது... ஆறிப்போன தண்ணி. கிணத்துத் தண்ணிதான் வேணும்.

செனாமி: இருங்க, பெரியவரு கூடையை ஒரு தரம் திறந்து பாத்துட்டு...

ஹுவேஃபா: திறக்காதே! தூங்குறாரு.

செனாமி: மூடின கூடைக்குள்ள தூங்குறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

ஹுவேஃபா: எனக்குத் தெரியாம? எங்க வம்சமே அவரைக் கும்பிட்ட வம்சம்.

செனாமி: மாட்டாஸ்பத்திரி நர்ஸ்கிட்ட கேட்டேன்...

ஹுவேஃபா: ஆட்டுக்கு ஊசி போடுறவளுக்குப் பெரியவரைப் பத்தி என்ன தெரியும்?

செனாமி: எலி முழுங்கினா ரெண்டு நாளைக்கு அவரை அசைக்கவே கூடாதாம். தூக்கிட்டு நடந்தாலே போதுமாம், முழுங்கினது வெளிய வந்துடுமாம். நான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எலி வைக்கிறேன். வியாழக்கிழமை காலையில பாத்தா கக்கி வச்சிருக்காரு. நடுவுல புதன்...

ஹுவேஃபா: புதன்னா?

செனாமி: புதன் உங்க சந்தை நாளாச்சே.

ஹுவேஃபா: அதுக்கு? நான் பாட்டுக்குத் தட்டப்பயறு வடை சுட்டு வித்துட்டு வர்றேன்.

செனாமி: இப்பல்லாம் சட்டி காலியாயிடுதாமே. ஆறு வடை வாங்கினா, பெரியவரைக் கழுத்துல போட்டுக் கும்பிட்டுக்கலாமாமே.

ஹுவேஃபா: எந்தப் பாவி சொன்னா?

செனாமி: யாரும் சொல்ல வேணாம் அத்தை. உங்க தலையில சுத்தியிருக்கிற துணி அசையுது.

ஹுவேஃபா: காத்து.

செனாமி: காத்துக்கு வால் உண்டா? காதுக்குப் பின்னாடி தொங்குது பாருங்க.

ஹுவேஃபா: ஐயோ, இழுத்துடாதே! விழுந்துடப் போறாரு.

செனாமி: மெதுவா குனிங்க. நான் எடுத்துக் கூடையில விடுறேன்... ம், ஆச்சு. பயப்படாதீங்க, இந்தத் தரம் கக்க மாட்டாரு. நேத்து நான் எலியே வைக்கலை. பத்து நாள் வயித்தைக் காயப்போடச் சொல்லியிருக்கா நர்ஸ். அப்புறம் குட்டி எலியா ஒண்ணு.

ஹுவேஃபா: செனாமி... கூட்டத்துல...

செனாமி: என்ன சொல்லட்டும்?

ஹுவேஃபா: நீ எதுவும் சொல்லாதே. மழைக்குளிர் அவருக்கு ஆகலைன்னு நானே சொல்லிக்கிறேன்.

செனாமி: பதினாலாயிரத்து ஐந்நூறு?

ஹுவேஃபா: ஒரு ஃபிராங்கும் வேணாம். அது தீந்துது, விடு. ஆனா ஒண்ணு சொல்லு... உனக்கு எப்பலேருந்து தெரியும்?

செனாமி: முதல் புதன்லேருந்தே.

ஹுவேஃபா: அடிப்பாவி! அப்பவே வாயைத் திறந்திருந்தா பெரியவர் வயிறு இந்தப் பாடு பட்டிருக்குமா?

செனாமி: முன்னெல்லாம் உங்க கடை ஈயோட்டும். மத்தியானமே திரும்பி வந்து, என் அடுப்படியில உக்காந்துக்கிட்டு, இதுல உப்பு கூட, அதுல உறைப்பு கம்மின்னு... பெரியவரு உங்களோட வர ஆரம்பிச்சதுலேருந்து பொழுது சாஞ்சுதான் வர்றீங்க. வாரத்துல அந்த ஒரு நாள்தான் அத்தை, தின்னது எனக்குச் செரிக்குது.