நாற்பத்திரண்டாவது பூச்சு

டீக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. என் தொழிலைக் கேட்டீர்கள். காப்புரிமை வழக்குகளில் நான் நிபுணர் சாட்சி. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று யாராவது வந்தால், "இதில் என்ன இருக்கிறது, இந்தத் துறையில் சுமாராக வேலை தெரிந்த எவனுக்கும் தோன்றியிருக்குமே" என்று சொல்லி, செய்தும் காட்டுவேன். தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால் அவர்களுடைய காப்புரிமை போச்சு.

நீங்கள் விசாரிக்கும் இந்தக் காப்புரிமை வழக்கில் எதிர்த்தரப்பு என் தங்கை. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் இறுகும் ஒரு பூச்சைப் பதினோரு வருஷம் தவம் கிடந்து உருவாக்கியிருந்தாள். முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் சாட்சி சொல்வதில் ஆட்சேபம் உண்டா என்று தீர்ப்பாயம் கேட்டதற்கு, "அண்ணன் பொய் சொல்ல மாட்டான்" என்று அவளே எழுதிக் கொடுத்தாள்.

பழைய ஆய்வுக் கட்டுரைகள் இரண்டைச் சேர்த்தால் அந்தப் பூச்சு வந்துவிடும் என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். பிறகுதான் செய்து பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரியும் ஆய்வறையில் நாற்பத்தொரு தடவை. எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் கூழாகவே கிடந்தது. முப்பது வருஷ அனுபவம், ஐயா. எரிச்சல் வராதா?

ஒரு ஞாயிறு அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவள் அடுப்படியில் இருந்தபோது, மாடியில் இருந்த அவளது ஆய்வறைக்குப் போய், பழுப்புச் சீசாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். நாற்பத்திரண்டாவது தடவை கச்சிதமாக இறுகியது. அதைத்தான், ஒரே நாளில் நானே செய்தது என்று தீர்ப்பாயத்தில் காட்டினேன். அதில் அவள் சீசாவின் ரப்பர் மூடித் துகள் இருந்ததை உங்கள் தடயவியல் ஆள் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான். எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் காப்புரிமையை ரத்துசெய்து தீர்ப்பு வந்த அன்று, தீர்ப்பாய வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நெஜமா ஒரே நாள்ல வந்துடுச்சா?"

"மதியத்துக்குள்ளயே வந்துடுச்சும்மா."

"அப்ப நான்தான் மக்கு. எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சே."

மறுவாரமே குறிப்பேடுகளை எல்லாம் கொளுத்திவிட்டாள். இப்போது ஒரு பெயிண்ட் கிடங்கில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறாள். போன மாதம் வந்து, "பெரிய விஞ்ஞானின்னு நெனச்சிட்டுத் திரிஞ்சேன். நீதான்ணா கண்ணைத் தெறந்துவிட்டே" என்று நன்றி சொன்னாள். தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பினேன்.

ஆமாம், அவள் பூச்சைத்தான் நான் செய்ததாகக் காட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். திருட்டு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். நான் கூடப் பிறந்த அண்ணன், ஐயா. கேட்டிருந்தால் அவளே ஊற்றிக் கொடுத்திருப்பாள்.